பொட்டலத்தை வைத்தவன் நான்

தம்பி,

சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் உங்களுக்கு எழுதிய எல்லாக் கடிதத்தையும் "இங்கு நான் நலம்" என்றுதான் ஆரம்பிப்பேன். காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் அதே வரிதான். இன்றைக்கு அப்படி ஆரம்பிக்க மனம் வரவில்லை. உன் அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நேரத்துக்குச் சோறு வைக்கிறாள், வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் நம் வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து டைப் அடித்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலேயே போடச் சொல்லப்போகிறேன். அத்தை, சித்தப்பா, உன் தங்கச்சி, மாப்பிள்ளை எல்லோரும் படிக்கட்டும். உன்னைப் பற்றி அத்தனை பேர் முன்னால் ஒரு பொய்யைச் சொன்னவன் நான். உண்மையை மட்டும் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

நாளை மறுநாள் நீயும் மருமகளும் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போகிறீர்கள். எனக்கும் அம்மாவுக்கும்கூட டிக்கெட் போட்டிருக்கிறாய். அதைப் பற்றிப் பேசி முடிக்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கீரனூரிலிருந்து எல்லோரும் அறந்தாங்கி வந்தீர்கள். செய்தி எப்படிப் போனதோ, நீ வந்து இறங்கிய அரை மணி நேரத்தில் உன் அத்தையும் வந்துவிட்டாள். கையில் ஒரு பொட்டலம். வெள்ளைத் துணியில் வைத்து நாலு பக்கமும் ஊசி நூலால் தைத்து, மேலே பேனாவால் சிங்கப்பூரில் இருக்கும் தன் மகன் பேரை எழுதியிருந்தாள். "ஒண்ணுமில்லப்பா, வத்தலும் நார்த்தங்காயுந்தான். ஒம் மச்சான்ட்ட குடுத்துரு" என்றாள். நம் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் ஊரே ஒரு பொட்டலத்தோடு வந்து நிற்கும், மறுத்தால் ஜென்மப்பகை. நீயும் "சரி அத்த, கொண்டு போறேன்" என்று வாங்கி வைத்தாய். பிறகு அறைக்குள் போய் மருமகளிடம் என்ன சொன்னாய் என்பது எனக்குத் தெரியாது. அங்கே கட்டிலில் உட்கார்ந்திருந்த உன் சின்னவனுக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது அத்தை மறுபடியும் ஆரம்பித்தாள், பொட்டலம் நசுங்காமல் போக வேண்டும் என்று. உன் மகன் அப்பளத்தைக் கடித்துக்கொண்டே சொன்னான்: "அத அப்பா கொண்டு போக மாட்டாங்க. போற வழியில குப்பத்தொட்டியில போட்டுரலாம்னு அம்மாட்ட சொன்னாங்க." அத்தையின் கை பிசைந்த சோற்றிலேயே நின்றுவிட்டது. நீ இடது கையை வீசினாய். பிள்ளை சரிந்துபோய்ச் சாம்பார் வாளியின் விளிம்பில் விழுந்தான். உதடு கிழிந்து இலையில் ரத்தம் சொட்டியது. அதோடு விட்டாயா? சட்டையைப் பிடித்துத் தூக்கிக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போய், "பெத்தவனக் காட்டிக் குடுப்பியாடா, காட்டிக் குடுப்பியா" என்று கேட்டுக் கேட்டு அறைந்தாய். ஏழு வயதுப் பையன். அவன் அழவில்லை. முழங்கையை மடக்கிக் காதை மூடிக்கொண்டு, அடுத்த அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். இது அவனுக்கு முதல் தடவை இல்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். கதவருகில் நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு போடுப்பா, அப்பத்தான் வாய் அடங்கும். அப்படியே ஒன்னய உரிச்சு வச்சுல்ல பொறந்திருக்கான்" என்றேன். என்னவோ பெரிய நகைச்சுவை சொன்னதாக நினைப்பு. மருமகள்தான் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கினாள். உன்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "மாமா, அவன் என்ன பொய்யா சொன்னான்?" நீங்கள் போன பிறகும் கொல்லையிலேயே உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்பே யாராவது என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அப்போது உனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு ஆறு. கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தேன். லீவில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகும்போது அம்மாவையும் உங்களையும் பத்து நாளுக்குக் கூட்டிப் போனேன். கப்பல் பார்க்கலாம், பாதாள ரயில் பார்க்கலாம் என்று நீ வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தாய். என் அறையில் கூட இருந்தவர்கள் மெல்லும் புகையிலை கேட்டிருந்தார்கள். அது அங்கே தடை செய்யப்பட்ட சரக்கு. பெரியவர்களின் பெட்டியைத்தான் கிண்டுவார்கள், சின்னப் பிள்ளையின் பையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். உன் பள்ளிக்கூடப் பையில், டவுசருக்கும் படக்கதைப் புத்தகங்களுக்கும் நடுவில் இருபது பொட்டலத்தைச் செருகினேன். "ஆருட்டயும் சொல்லக் கூடாது, சரியா" என்று உன் கன்னத்தைத் தட்டினேன். எந்தத் தகப்பனும் பெற்ற பிள்ளைக்குச் செய்யக் கூடாத காரியம் அது. அதை ஒரு சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் பைகள் மெஷினுக்குள் போனதும் உன் பையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். சோதனை செய்த பெண் அதிகாரி நம் தமிழ்க்காரர். உன் உயரத்துக்குக் குனிந்து, "தம்பி, இது உங்க பைதானே? எல்லாம் நீங்களே அடுக்கி வெச்சீங்களா?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "துணியும் புக்கும் நான் வச்சேன் ஆன்ட்டி. பொட்டலம் அப்பா வச்சாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டோம் என்ற சிரிப்பு. என்னைத் தனி அறைக்குக் கூட்டிப் போனார்கள். விசாரித்தார்கள், சரக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள், அபராதம் போட்டு எச்சரித்து அனுப்பினார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. பிள்ளையின் பையில் வைத்தீர்களே என்று மட்டும் ஒருவர் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலை யார்மேல் இறக்குவது என்று அந்த அறையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நாம் தங்கிய வீடு ஏழாவது மாடி, நம் ஊர்க்காரர் ஒருவருடையது. அந்த வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பிரம்பு தொங்கியது. சிவப்பு பிளாஸ்டிக் கைப்பிடி வைத்தது. அங்கே மளிகைக் கடையிலேயே பிள்ளைகளை அடிக்கவென்று விற்பார்கள். பெட்டியைக் கீழே வைத்ததும் அதை எடுத்தேன். உன்னைக் குளியலறைக்குள் தள்ளித் தாழ் போட்டேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. பிரம்பு நுனி பிளந்து நார் நாராகத் தொங்கும்வரை அடித்தேன். பிறகு கையால் அடித்தேன். வெளியே அந்த வீட்டம்மா, "அண்ணே, கதவத் தொறங்கண்ணே, இங்க போலீஸ் வந்துரும்ணே" என்று தட்டிக்கொண்டே இருந்தார். அதுவரை நீ அழுதுகொண்டுதான் இருந்தாய். இடது காதில் விழுந்த ஓர் அறைக்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. தாழைத் திறந்தபோது உள்ளே ஓடிவந்த உன் அம்மாவைத் தள்ளினேன். கைகழுவும் தொட்டியில் நெற்றி மோதியது. இன்றைக்கும் அவள் புருவத்தின் மேல் அந்தத் தழும்பு இருக்கிறது.

மறுநாள் உனக்குக் காய்ச்சல். அப்படியும் விடவில்லை. இவ்வளவு தூரம் கூட்டி வந்தது வீணாகிவிடக் கூடாதாம். அந்த வெக்கையில் முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டு மிருகக்காட்சிசாலை, பறவைப் பூங்கா, செந்தோசா தீவு என்று ஒரு நாளைக்கு மூன்று இடம் இழுத்தடித்தேன். நம் கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோமே, அது மூன்றாம் நாள் எடுத்தது. சிரிக்கச் சொல்லி மிரட்டித்தான் எடுத்தேன். நீங்கள் ஊர் திரும்பும் முன்பே காதில் சீழ் வடிந்தபோது அங்கே ஒரு டாக்டரிடம் கடல் தண்ணீர் போய்விட்டது என்றேன். நீயும் ஆமாம் என்று தலையாட்டினாய். ஒரே வாரத்தில் உனக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்துவிட்டேன். இன்றுவரை நீ போனை வலது காதில்தான் வைக்கிறாய்.

இதுவரை எழுதியதெல்லாம் உனக்கும் தெரியும். தெரியாததை இனிமேல்தான் எழுதப்போகிறேன்.

தேக்கா கடைத்தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்த, முன்பல் இரண்டும் இல்லாத மாமா ஒருவரை நினைவிருக்கிறதா? கோட்டைப்பட்டினத்துக்காரர். என்னோடு ஒரே அறையில் இருந்தவர். நான் லீவில் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, அவர் கப்பலின் அடித்தளத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். பொறி எங்காவது பற்றிவிடாமல் பார்த்துக்கொண்டு தண்ணீர்க் குழாயோடு பக்கத்தில் நிற்க வேண்டியது அன்று என் வேலை. நான் தூங்கிவிட்டேன். தார்ப்பாய் பற்றி, அவர் கால்சட்டையில் தீப்பிடித்து, கெண்டைக்காலில் தோல் உரிந்துவிட்டது. சூப்பர்வைசர் கேட்டபோது அவர் நடந்ததைச் சொன்னார். அன்று சாயங்காலமே கையில் இருந்த ஸ்பேனரால் அவர் வாயில் அடித்தேன். பல் இரண்டும் தரையில் விழுந்து ஓடியது. "காட்டிக் குடுப்பியாடா, காட்டிக் குடுப்பியா" என்று கேட்டுக்கொண்டே விழுந்தவரை உதைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட அதே கேள்விதான், தம்பி. நம் வீட்டு ஆண்களுக்கு வேறு கேள்வியே தெரியாதுபோல.

அவர் பெருந்தன்மைக்காரர். படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லி என்னைப் போலீசிலிருந்து காப்பாற்றினார். கம்பெனி நம்பவில்லை. "உன் பெர்மிட் முடிய இன்னும் நாலு மாதம்தான், புதுப்பிக்க மாட்டோம், லீவுக்குப் போய்விட்டு வந்து கணக்கை முடித்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்கள். அதாவது, உங்களை விமானத்தில் ஏற்றும்போதே என் வேலை போய்விட்டிருந்தது. இனி அந்த ஊருக்கு வர வழியில்லை, பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது காட்டிவிடுவோம் என்றுதான் கூட்டிப் போனேன். அந்தப் புகையிலையில் பாதி அவருக்காக வாங்கியதுதான். மன்னிப்புக் கேட்க வாய் வராதவன், பல்லை உடைத்தவருக்கு மெல்லுவதற்குப் புகையிலை கொண்டு போனேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

தேக்காவில் அவர் உன் சட்டைக்கையைச் சுருட்டிவிடப் போனார், ஐஸ் ஒழுகுகிறது என்று. கையைப் பார்த்தார். அப்படியே மறுபடி இறக்கிவிட்டார். உன்னைத் தங்கச்சியோடு அங்கிட்டுப் போய் விளையாடச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "நீங்க அடிச்சத நான் மறைச்சது தப்புங்க. அன்னைக்கு உண்மையச் சொல்லியிருந்தா ஒங்கள உள்ள வச்சிருப்பாங்க. இந்தப் புள்ள தப்பிச்சிருக்கும்" என்றார். பல் போன இடத்தில் காற்று போய் வார்த்தை குழறியது. ஆனாலும் எல்லாம் தெளிவாகக் கேட்டது. நான் உங்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு வேறு அறைக்கு மாறிவிட்டேன், அவர் முகத்தில் விழித்ததில்லை.

நீங்கள் ஊர் திரும்பிய இரண்டு மாதத்தில் நானும் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தேன். தளம் போடாத வீடு பாதியில் நின்றது. ஊர் கேட்டது, ஏன் திரும்பி வந்தாய் என்று. ஆளை அடித்தேன், துரத்திவிட்டார்கள் என்று சொல்ல வெட்கம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "எல்லாம் இவன் ஏர்போர்ட்டுல ஒளறுனதுதான். கம்பெனிக்குத் தகவல் போயிருச்சு." ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்தேன். கேட்டவர்கள் அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். உன் அம்மாவும் நம்பினாள். பட்டறை போடத் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்த அன்று உன்னைப் பார்த்து, "ஒன் ஒரு வாயில நம்ம குடும்பமே போச்சேடா" என்று அழுதாள். அன்று மாலை நீ பட்டறைக்கு வந்தாய். கோடு போட்ட நோட்டும் பென்சிலும் கையில் இருந்தது. "அப்பா, அந்த ஆன்ட்டிக்கு நான் லெட்டர் எழுதவா? பொட்டலத்த நான்தான் வச்சேன், பொய் சொல்லிட்டேன்னு எழுதுறேன். ஒங்கள திரும்பக் கூப்புடுவாங்கள்ல?" என்று கேட்டாய். அந்த இடத்தில் நான் உன் காலில் விழுந்திருக்க வேண்டும். "எழுதிக் கிழிச்ச, போடா" என்றேன்.

அதற்குப் பிறகு நீ பேசுவதைக் குறைத்துக்கொண்டாய். காலேஜ் ஹாஸ்டலில் உன்னைப் போட்டு அடித்து விலா எலும்பு உடைந்தபோதுகூட யார் பேரையும் சொல்லவில்லை. நல்ல அழுத்தக்காரன், கெட்டிக்காரன் என்று பெருமைப்பட்டேன். உன் கல்யாண மேடையில் சித்தப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு வீட்டுக்காரங்களே, மாப்பிள்ளைட்ட ரகசியம் மட்டும் சொல்லிராதீங்க, ஏர்போர்ட்டுலயே போட்டுக் குடுத்த ஆளு" என்றார். மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். நீ தலையைக் குனிந்து மாலையைச் சரி செய்துகொண்டாய். இருபத்தாறு வருஷமாக உன்மேல் சுமத்திய பழியில் உனக்குப் பங்கே கிடையாது. நீ சொன்ன ஒரு வார்த்தையால் யாருடைய வேலையும் போகவில்லை, எந்தக் குடும்பமும் கெடவில்லை. இதைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். சித்தப்பா இரண்டு தடவை படிக்கட்டும்.

திங்கட்கிழமை உன் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள், ஓங்கி அறைந்தாள். ஒன்றல்ல, கை ஓயும்வரை. "எம் புள்ளைய என்னையும் சேத்துல்ல திட்ட வச்சீங்க" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். என் கண்ணாடி உடைந்து கன்னத்தில் கீறியது. நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. வலித்தது, தம்பி. அறுபத்தைந்து வயதில்தான் அடி வாங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். உனக்கு அது ஒன்பது வயதில் தெரிந்துவிட்டது. சின்னவனுக்கு ஏழிலேயே.

இனிப் பயணத்தைப் பற்றி. உன் அத்தையின் பொட்டலத்தை அவள் முன்னாலேயே பிரித்துப் பார்த்துவிட்டேன். வத்தலும் நார்த்தங்காயும்தான். அதைக் கூரியரில் அனுப்பச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள், இரண்டு மாதத்தில் சரியாகிவிடுவாள். யார் எது கொடுத்தாலும் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்லிப் பழகு. அந்தத் தைரியம் உனக்கு இல்லாததற்குத்தான் சின்னவன் அடி வாங்கினான். அங்கே ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மத்தியானம் திடீரென்று மழை கொட்டும், எங்காவது ஒதுங்கி நின்று பிள்ளைகளோடு வேடிக்கை பாருங்கள். டிரைவர் இல்லாத ரயிலில் முன்கண்ணாடி அருகே அவர்களை நிற்க விடு. போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லாதே. பையை அவர்களே அடுக்கட்டும். அங்கே அதிகாரி ஏதாவது கேட்டால் சின்னவனையே பதில் சொல்ல விடு. அவன் என்ன சொன்னாலும் நீ அவன் பக்கத்தில் நில். எங்களுக்குப் போட்ட டிக்கெட்டில் அம்மா வருவாள், அவளை ஜன்னலோரம் உட்கார வை. நான் வருவதா வேண்டாமா என்பதை நீ சொல். வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் கேட்க மாட்டேன்.

உன்னைத் திருத்தும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று மட்டும் கேட்கிறேன், இதை அப்பாவின் அதட்டலாக எடுத்துக்கொள்ளாதே. அன்று விமான நிலையத்தில் நீ சொன்னது சரி. தப்பு செய்தவன் நான். என்னை மன்னித்துவிடு. இந்த மூன்று வரியைச் சொல்ல எனக்கு இருபத்தாறு வருஷம் ஆனது. அதற்குள் நீ என்னைப் போலவே ஆகிவிட்டாய். நீ உன் மகனை அடித்து இன்றோடு நாலு நாள்தான் ஆகிறது. அவன் உதட்டுக் காயம்கூட இன்னும் ஆறியிருக்காது. போனைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கூப்பிடு.

அப்பா